முயல் கதைக்கு முந்தைய நாள்... காளான் வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டர்!

1893-ம் ஆண்டு, செப்டம்பர் 3. ஸ்காட்லாந்தில் டே நதிக்கரையில் இருக்கும் டன்கெல்ட் என்ற சின்ன ஊர். கோடை விடுமுறைக்காக அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறது லண்டனைச் சேர்ந்த ஒரு வசதியான குடும்பம். அந்த வீட்டின் 27 வயது மகள், வாட்டர் கலர் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு காளானை வரைகிறார்.

அழகான காளான்கூட இல்லை. கரியும் சாம்பலும் கலந்த நிறத்தில், தலையெல்லாம் செதில் செதிலாகப் பிய்ந்து தொங்கும் காளான். 'காட்டுக் கிழவர்' என்று ஆங்கிலத்தில் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் எளிதில் கண்ணில் படாத வகை. மகளுக்கு அது கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு செதிலையும் விடாமல் வரைந்து, தேதியும் இடமும் குறித்துவைக்கிறார்.

மறுநாள், செப்டம்பர் 4. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதே பெண் ஒரு கடிதம் எழுதுகிறார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சரின் மகன் அவன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால், நான்கு முயல் குட்டிகளைப் பற்றி ஒரு கதையைப் படங்களோடு எழுதி அனுப்புகிறார். அதில் சேட்டைக்காரக் குட்டியின் பெயர், பீட்டர்.

ஆம், உங்கள் வீட்டுக் குழந்தைகள் கார்ட்டூனாகவும் சினிமாவாகவும் பார்த்து ரசித்த அதே 'பீட்டர் ராபிட்'தான். எழுதியவர் பீட்ரிக்ஸ் பாட்டர். முயல் கதையை உலகத்துக்கே தெரியும். அதற்கு முந்தைய நாள் வரைந்த காளானைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆனால், அந்த வயதில் அவருடைய மனசு முழுக்க இருந்தது முயல் அல்ல, காளான்தான்!

மூன்றாவது மாடியில் ஒரு மிருகக்காட்சி சாலை

1866-ல் லண்டனில் பிறந்தவர் பீட்ரிக்ஸ். அப்பா ரூபர்ட், வழக்கறிஞருக்குப் படித்தவர். பருத்தித் துணித் தொழிலில் தாத்தா காலத்தில் சேர்த்த சொத்து இருந்ததால், வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. போட்டோ எடுப்பதில் அவருக்குப் பைத்தியம். அம்மா ஹெலனுக்கு வீட்டு நிர்வாகமும், விருந்தினர் வருகையும், கோச் வண்டியில் போய் மற்றவர்கள் வீட்டில் தலைகாட்டிவிட்டு வருவதும்தான் உலகம்.

பீட்ரிக்ஸ் பள்ளிக்கூடமே போனதில்லை. அன்றைய பணக்கார வீட்டுப் பெண்களுக்கு வீட்டுக்கே டீச்சர் வருவார். விளையாட்டுத் தோழிகள் இல்லை. இருந்தது தம்பி பெர்ட்ராமும் சில ஜீவராசிகளும்தான். முயல், முள்ளெலி, எலி, தவளை, பல்லி, வௌவால் என்று அக்காவும் தம்பியும் மாடியறையில் ஒரு குட்டி மிருகக்காட்சி சாலையே நடத்தினார்கள். செத்துப்போன பிராணிகளை வேகவைத்து, எலும்பை மட்டும் பிரித்தெடுத்து, கோத்துவைத்துப் படம் வரைந்தார்கள் என்பதைப் படிக்கும்போது கொஞ்சம் முகம் சுளிக்கத்தான் தோன்றும். ஆனால், கோட்டும் தொப்பியும் போட்ட பீட்டர் முயல் தாவும்போது அதன் பின்னங்கால் நிஜ முயலின் கால் மாதிரியே மடங்குகிறதே... அதற்குக் காரணம் அந்த எலும்புகள்தான்.

15 வயதிலிருந்து 30 வயது வரை பீட்ரிக்ஸ் ஒரு டைரி எழுதினார், அதுவும் தானே உருவாக்கிய ரகசிய எழுத்தில்! அவர் இறந்து 15 வருடங்கள் கழித்து, 1958-ல்தான் லெஸ்லி லிண்டர் என்பவர் அந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தார். காளான் விஷயத்தில் அவர் யார் யாரைப் போய்ப் பார்த்தார், யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவது அந்த டைரியால்தான்.

தபால்காரர் கற்றுக்கொடுத்த பாடம்

பீட்ரிக்ஸின் காளான் கல்விக்கு வாத்தியார், சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற தபால்காரர். ஸ்காட்லாந்தில் பீட்ரிக்ஸ் குடும்பம் விடுமுறைக்குப் போகும் பகுதியில் வீடு வீடாக நடந்துபோய்த் தபால் கொடுத்தவர். பீட்ரிக்ஸ் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவர் வீட்டுக்கும் கடிதம் கொண்டுவந்தவர். மர அறுவை ஆலை விபத்தில் ஒரு கையின் விரல்களை இழந்தவர். அப்படியும் செல்லோ வாசிப்பார். நாளெல்லாம் காட்டுப் பாதையில் நடந்த அவருக்குப் பாசி, பெரணி, காளான் எல்லாமே அத்துப்படி. எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை.

1892 அக்டோபரில், ஓய்வு பெற்றுவிட்ட அந்தத் தபால்காரரை அழைத்துத் தன் காளான் படங்களைக் காட்டினார் பீட்ரிக்ஸ். கூச்ச சுபாவம் உள்ள மனிதர். ஆனால் காளான் என்று வந்துவிட்டால் கூச்சமெல்லாம் போய்விடும். 'அழகா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போகாமல், என்ன குறை என்று சொன்னார் மெக்கின்டாஷ். குடையை மட்டும் வரைந்தால் போதாது. இரண்டாக வெட்டி உள்பக்கத்தை வரைய வேண்டும். குடைக்கு அடியில் மீன் செவுள் மாதிரி இருக்கும் மடிப்புகள் தண்டோடு எப்படி ஒட்டியிருக்கின்றன என்று காட்ட வேண்டும். அப்போதுதான் இன்ன வகை என்று சொல்ல முடியும்.

அதன் பிறகு இருவருக்கும் இடையே ஓர் அருமையான ஒப்பந்தம். குளிர்காலத்தில் பீட்ரிக்ஸ் லண்டனில் இருப்பார். மெக்கின்டாஷ் ஸ்காட்லாந்திலிருந்து காளான்களைத் தபாலில் அனுப்புவார். அவை வாடுவதற்குள் பீட்ரிக்ஸ் படம் வரைந்து, ஒரு பிரதியை அவருக்கு அனுப்பிவைப்பார். பணக்கார வீட்டுப் பெண்ணும் கிராமத்துத் தபால்காரரும் சரிசமமாகப் பேசிக்கொள்ள அந்தக் காலத்தில் வேறு எந்த விஷயமும் இடம் கொடுத்திருக்காது. காளான் கொடுத்தது.

குடைக்கு அடியில் என்ன நடக்கிறது?

தம்பியின் மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டார் பீட்ரிக்ஸ். அழகுக்காக வரைய ஆரம்பித்தவரை, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இந்தக் காளான் எங்கிருந்து, எப்படி வருகிறது?

'மழைக்கு முளைச்ச காளான்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ராத்திரி இல்லாதது காலையில் குடை பிடித்து நிற்கும். இரண்டு நாளில் அழுகிக் காணாமலும் போகும். ஆனால், நாம் பார்க்கும் குடை அந்த உயிரின் முழு உடம்பு இல்லை. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, பூஞ்சைக்குக் காளான் அப்படி. உண்மையான உடம்பு மண்ணுக்குள்ளும் மக்கிய மரத்துக்குள்ளும் நூலைவிட மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. அமெரிக்காவின் ஒரேகான் மாகாணக் காட்டில் ஒரே ஒரு பூஞ்சை மண்ணுக்கடியில் சுமார் 2,385 ஏக்கருக்குப் பரவியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் இரண்டு மூன்று கிராமங்களின் நிலம்!

குடையின் வேலை, 'ஸ்போர்' எனப்படும் வித்துத் துகள்களை வெளியே அனுப்புவது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். கடையில் வாங்கிய சிப்பிக் காளானோ, நன்றாக விரிந்த மொட்டுக் காளானோ ஒன்றை எடுத்து, தண்டை நறுக்கிவிட்டு, மடிப்புப் பகுதி கீழே இருக்கும்படி ஒரு தாளின் மேல் வைத்துக் கிண்ணத்தால் மூடிவிடுங்கள். சிப்பிக் காளான் என்றால் கறுப்புத் தாள் நல்லது. காலையில் கிண்ணத்தை எடுத்தால், யாரோ பவுடரால் கோலம் போட்ட மாதிரி, மடிப்புகளின் அச்சு தாளில் விழுந்திருக்கும். அந்தப் பவுடரில் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. (தோட்டத்தில் தானாக முளைத்ததைப் பறித்துச் சோதிக்க வேண்டாம். குழந்தைகள் கை வைப்பார்கள்.)

அந்தத் துகள் மடிப்பிலிருந்து வெளியேறும் விதம் இன்னும் சுவாரஸ்யம். துகளின் அடியில் ஒரு துளி நீர் திரளும். அது சட்டென்று துகளின் உடம்போடு ஒன்று சேரும்போது ஏற்படும் உதறலில் துகள் தெறித்துப் பறக்கும். எவ்வளவு தூரம்? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எதிரே இருக்கும் மடிப்பில் மோதாமல், நடுவில் இருக்கும் இடைவெளிக்கு வந்து, நேராகக் கீழே விழுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். அதன் பிறகு காற்று பார்த்துக்கொள்ளும்.

பீட்ரிக்ஸ் அந்தத் துகள்களைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து, ஈரத்தில் வைத்து, முளைக்கவைக்க முயன்றார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் காத்திருந்தார். துகளிலிருந்து இழை எட்டிப் பார்ப்பதையும், அது கிளை பிரிவதையும் அடுத்தடுத்துப் படமாக வரைந்தார். ஒரு வகை, இரண்டு வகை அல்ல. பல வகைக் காளான்களின் வித்துகளை இப்படி முளைக்கவைத்தார். ஆய்வகம் இல்லை. உதவியாளர் இல்லை. அம்மா கூப்பிட்டால் விருந்தினரைக் கவனிக்கப் போக வேண்டிய ஒரு வீட்டில் இத்தனையும் நடந்தது.

வராத இருவரும், வர முடியாத ஒருவரும்

இந்த ஆராய்ச்சியில் அவருக்குத் துணை நின்றவர், அத்தை லூசியின் கணவர் சர் ஹென்றி ரோஸ்கோ. பிரபலமான வேதியியல் அறிஞர். 1896 மே மாதம், படங்களோடு பீட்ரிக்ஸை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப்போனார். இயக்குநர் வில்லியம் திசல்டன் டயர் இந்த அமெச்சூர் பெண்ணை அலட்சியமாகவே நடத்தினார் என்பது டைரியிலிருந்து தெரிகிறது. அங்கே காளான் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜார்ஜ் மாஸி முதலில் நம்பவில்லை. பிறகு மனம் மாறினார்.

பீட்ரிக்ஸ் எழுதிய கட்டுரை, 1897 ஏப்ரல் 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. செவுள் மடிப்புள்ள காளான் இனங்களின் வித்துகள் முளைப்பது பற்றிய கட்டுரை. சமர்ப்பித்தவர் மாஸி. எழுதியவர் அங்கே இல்லை. பெண்கள் அந்தச் சங்கத்தில் உறுப்பினராகவும் முடியாது, கூட்டத்துக்கு வரவும் முடியாது.

இங்கே ஒரு விசித்திரம். ஏறக்குறைய 39 வருடங்களுக்கு முன், 1858 ஜூலை 1 அன்று, இதே சங்கத்தில் இன்னொரு முக்கியமான விஷயமும் எழுதியவர்கள் இல்லாமலேயே வாசிக்கப்பட்டது. சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸும் எழுதிய, பரிணாமம் பற்றிய குறிப்புகள். டார்வினின் கைக்குழந்தை சில நாள்களுக்கு முன்புதான் காய்ச்சலில் இறந்திருந்தது. அவரால் வர இயலவில்லை. வாலஸ் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்தார். அவர்கள் இருவரும் வரவில்லை. பீட்ரிக்ஸ் வர அனுமதியில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

கட்டுரைக்கு இன்னும் உழைப்பு வேண்டும் என்று சொல்லப்பட்டது. திருத்தி எழுதுவதற்காக அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் பீட்ரிக்ஸ். மறுபடி அனுப்பவேயில்லை. அந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை வேறு மாதிரி இருக்கும். 'லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் என்று உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவர் பீட்ரிக்ஸ் பாட்டர். ஆண்கள் சிரித்து விரட்டிவிட்டார்கள்' என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது சரியில்லை. லைக்கன் என்றால் வேறொன்றுமில்லை, செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் நாம் தாளிக்கும் கல்பாசிதான். அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டுக் குடும்பம் என்பதை சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் அறிஞர் 1860-களிலேயே சொல்லிவிட்டார். அப்போது பீட்ரிக்ஸ் கைக்குழந்தை. அவர் லின்னேயன் சங்கத்துக்கு அனுப்பிய கட்டுரையும் லைக்கன் பற்றியது அல்ல. அவருக்கு நடந்தது அநியாயம் என்று சொல்ல, அவர் செய்யாத கண்டுபிடிப்பை அவர் தலையில் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. கூட்டத்துக்குள் விடவில்லை, அது ஒன்றே போதுமான அநியாயம்.

1904-ன் கடைசியில்தான் லின்னேயன் சங்கம் பெண்களை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒருவர் பூஞ்சை அறிஞர் ஆனி லோரெய்ன் ஸ்மித். 1896-ல், அதாவது பீட்ரிக்ஸின் கட்டுரைக்கு முந்தைய வருடம், பிரிட்டிஷ் பூஞ்சையியல் சங்கம் தொடங்கப்பட்டபோதே அதில் சேர்ந்தவர் அவர். பிற்பாடு அதன் தலைவரும் ஆனார். அந்தச் சங்கத்தின் முதல் தலைவர் வேறு யாருமல்ல, அதே ஜார்ஜ் மாஸி! பக்கத்திலேயே இன்னொரு கதவு திறந்திருந்தது. பீட்ரிக்ஸ் அந்தப் பக்கம் போகவில்லை.

1997-ல், கட்டுரைக்கு நூறு வருடம் ஆனபோது, பீட்ரிக்ஸ் உரிய மரியாதையோடு நடத்தப்படவில்லை என்பது லின்னேயன் சங்கத்தின் சார்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

'இதெல்லாம் எதுக்கு?'

'இதனால என்ன பிரயோஜனம்?' ஆர்வக்கோளாறு உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி. அந்தக் கால பிரிட்டனில் கல்யாணமாகாத மகளைப் பார்த்தும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். மகளுக்கு என்ன வேலை என்பதில் பீட்ரிக்ஸின் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. பெற்றோரோடு இருப்பது, வீட்டைக் கவனிப்பது. காளான் அந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

இயற்கையைப் பார்த்தும் மனிதர்கள் இதைத்தான் கேட்டுவந்திருக்கிறார்கள். 1802-ல் வெளிவந்த வில்லியம் பேலி என்ற பாதிரியாரின் புத்தகம் அந்த நூற்றாண்டு பிரிட்டனில் பெரும் செல்வாக்கு பெற்றது. கீழே கிடக்கும் கடிகாரத்தைப் பார்த்தால், அதைச் செய்தவர் ஒருவர் இருக்கிறார், அதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்று தெரிகிறதல்லவா? இயற்கையும் அப்படித்தான் என்பது அவர் வாதம். டார்வின் வந்த பிறகு அந்தக் கடிகாரம் தடுமாற ஆரம்பித்தது. பிழைத்தவை பெருகின, பிழைக்காதவை மறைந்தன. பார்ப்பதற்குத் திட்டமிட்டுச் செய்த மாதிரி இருக்கிறது என்றார் அவர்.

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்று நம்மிடமும் ஒரு பழமொழி உண்டு. எதையும் அலட்சியப்படுத்தாதே என்று சொல்லும் நல்ல பழமொழிதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால், அதிலும் அளவுகோல் நம்முடைய பல்தான்!

காளானிடம் இந்த அளவுகோல் செல்லுபடியாகாது. ஒரு காளான் தன் சில நாள் வாழ்க்கையில் நூறு கோடிக்கணக்கில் வித்துகளை வெளியே விடும். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே முளைக்காமல் வீணாகும். ஒன்றிரண்டு தப்பினால் அதிர்ஷ்டம். திட்டம் போட்டுச் செய்பவர் யாராவது இப்படி விரயம் செய்வாரா?

விஷத்தை எடுத்துக்கொள்வோம். 'மரணத் தொப்பி' என்று அழைக்கப்படும் காளானை ஒன்று சாப்பிட்டாலே மனிதனின் கல்லீரல் சிதைந்துபோகும். நம்மைக் கொல்வதற்காகவா அது விஷம் சேர்த்துவைத்திருக்கிறது? அதே காளானை ஓடில்லாத நத்தைகள் ஆனந்தமாகக் கடித்துத் தின்கின்றன, ஒன்றும் ஆவதில்லை. அந்த விஷத்துக்கு நாம் யாரென்றே தெரியாது.

அதற்காக, இயற்கையில் எதற்குமே வேலை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இருட்டில் பச்சையாக ஒளிரும் காளான்கள் உண்டு. அந்த வெளிச்சம் எதற்கு என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கேள்வி. பிரேசில் காட்டில் இருக்கும் ஒரு வகையை ஆராய்ந்தவர்கள் 2015-ல் ஒரு பதில் சொன்னார்கள். அந்தக் காளானுக்குள் கடிகாரம் மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கிறது. பகலில் மங்கி, இரவில் மட்டும் நன்றாக ஒளிர்கிறது. பிளாஸ்டிக்கில் பொய்க் காளான் செய்து, உள்ளே பச்சை எல்.இ.டி விளக்கு வைத்துக் காட்டில் வைத்துப் பார்த்தார்கள். விளக்கு எரிந்த காளானைத் தேடி வண்டும் ஈயும் எறும்பும் நிறைய வந்தன. வரும் பூச்சிகள் வித்துகளைச் சுமந்துபோகும். ஆக, அங்கே வெளிச்சத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. நமக்காக அல்ல, அதற்காக.

நம்மைப் பொருட்படுத்தாத ஒன்று நமக்கு உயிரும் கொடுத்திருக்கிறது. 1969-ல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து கம்பெனி ஊழியர் ஒருவர் விடுமுறைக்காக நார்வே போனார். வெளியூர் போனால் கொஞ்சம் மண் எடுத்து வாருங்கள் என்று சொல்லியனுப்பும் வழக்கம் அந்த கம்பெனியில் இருந்தது. அவரும் எடுத்துவந்தார். அந்த மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்ததுதான் சைக்ளோஸ்போரின். மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு எதிர்த்துத் தள்ளிவிடாமல் காக்கும் மருந்து. 1978-ல் இங்கிலாந்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உறுப்பு மாற்று சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது. நம் ஊரிலும் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்த வீடுகளில் இந்த மருந்தின் பெயரைச் சொன்னால் உடனே தெரியும்.

அந்தப் பூஞ்சை நார்வே மண்ணில் என்ன செய்துகொண்டிருந்தது? 1996-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் இன்னொரு முகத்தை அடையாளம் கண்டார்கள். வண்டுப் புழுவின் உடம்புக்குள் வாழ்ந்து, அதைத் தின்று, பிறகு காளானாக வெளியே தலைநீட்டும் உயிர் அது. புழுவுக்கு எமன், சிறுநீரக நோயாளிக்குத் தெய்வம். அந்தப் பூஞ்சைக்கு இரண்டும் தெரியாது.

மழை விஷயம் இன்னும் வேடிக்கை. மழை பெய்தால் காளான் முளைக்கும் என்பது தெரிந்ததுதானே? காற்றில் மேலே போகும் காளான் வித்துகளின் மேல் ஈரம் படிந்து நீர்த்துளி உருவாகிறது என்பதை 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட்டினார்கள். காளான் நிறைந்த காடுகளில், மேகத்தில் மழைத்துளி திரள்வதற்கு இந்த வித்துகள் உதவக்கூடும் என்பது அவர்கள் கருத்து. மழைக்கு முளைத்த காளான் என்று நாம் சொல்கிறோம். காளானுக்குப் பெய்த மழையும் இருக்கலாம்!

பெட்டிக்குள் போன படங்கள்

1897-க்குப் பிறகு பீட்ரிக்ஸின் காளான் ஓவியங்கள் மெல்ல மெல்லக் குறைந்துவிட்டன. ரகசிய டைரியும் அந்த வருடத்தோடு நின்றுபோனது. அவர் உட்கார்ந்து அழுதாரா, கோபப்பட்டாரா என்று சொல்ல டைரி இல்லை.

ஆனால், பழைய முயல் கடிதம் நினைவுக்கு வந்தது. எழுதி அனுப்பிய வீட்டில் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். திரும்ப வாங்கிப் புத்தகமாக்கினார். பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வேண்டாம் என்றார்கள். 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த வருடம் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வெளியிட்டது. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கதைகளில் வரும் மண்ணையும் வேலியோரத்தையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இலை எந்தச் செடியின் இலை என்று சொல்லிவிடலாம். மெக்கின்டாஷ் சொல்லிக்கொடுத்த பழக்கம் போகவில்லை.

புத்தகம் விற்ற காசில் 1905-ல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். அதே வருடம்தான், திருமணம் நிச்சயித்த ஒரே மாதத்தில், மணமகன் நார்மன் வார்ன் நோயில் இறந்துபோனார். பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 'வியாபாரி வீட்டுப் பையன்' என்று பீட்ரிக்ஸின் பெற்றோருக்குப் பிடிக்காத சம்பந்தம். 47 வயதில் வில்லியம் ஹீலிஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞரை மணந்தார். ஹெர்ட்விக் என்ற மலையாட்டு இனத்தை வளர்த்து, சந்தையிலும் கண்காட்சியிலும் பேர் வாங்கினார். சேற்றில் நடக்கும் அந்த வயதான விவசாயியை 'மிஸஸ் ஹீலிஸ்' என்றுதான் ஊரில் கூப்பிட்டார்கள். 1943 டிசம்பரில் இறந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார்.

காளான் படங்கள்? அவற்றை ஆம்பிள்சைடு என்ற ஊரில் இருக்கும் ஆர்மிட் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். 400-க்கும் மேற்பட்ட படங்கள். மெக்கின்டாஷுக்குத் தபாலில் அனுப்பிய சில, ஸ்காட்லாந்தின் பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காளான், வெட்டிய பாதி, குடைக்கு அடியில் உள்ள மடிப்பு, வித்து, தேதி, இடம்.

தன் காளான் படங்கள் என்றாவது ஒருநாள் ஒரு புத்தகத்தில் வர வேண்டும் என்று இளம்பெண்ணாக இருந்தபோது ஆசைப்பட்டிருந்தார் பீட்ரிக்ஸ். 1967-ல், அவர் இறந்து 24 வருடங்களுக்குப் பிறகு, டபிள்யூ.பி.கே.ஃபின்ட்லே என்ற பூஞ்சை நிபுணர், காட்டிலும் வழியோரத்திலும் இருக்கும் காளான்களை அடையாளம் காண்பதற்கான கையேடு ஒன்றை எழுதினார். அதற்குப் படங்கள் தேவைப்பட்டன. ஆர்மிட் நூலகத்திலிருந்து 59 படங்களை எடுத்துக்கொண்டார். அந்தப் புத்தகத்தை வெளியிட்டது, பீட்டர் முயலை வெளியிட்ட அதே ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம்.